விசா மறுக்கப்பட்டதா? முதலில் கடிதத்தைக் கையில் வாங்குங்கள்

"மேடம், பையனுக்கு விசா ரிஜெக்ட் ஆயிடுச்சு. அப்பீல் போட்டுடலாமா?"

ஜூலை பிறந்தால் இந்தக் கேள்வி என் கைப்பேசிக்கு வரத் தொடங்கிவிடும். கேட்பவர் பெரும்பாலும் அப்பாவாகவோ அம்மாவாகவோ இருப்பார். திருச்சியில் ஒரு பொதுத்துறை வங்கியில் கல்விக் கடன் பிரிவைப் பல வருடங்கள் கவனித்துவிட்டு ஓய்வுபெற்றவள் நான். அன்று கடன் வாங்கிப் படிக்கப் போன பிள்ளைகளின் குடும்பங்களோடு பழக்கம் விட்டுப்போகவில்லை. இப்போது அவர்களுடைய தம்பி, தங்கைகளின் விசா காகிதங்களைப் பார்த்துச் சொல்கிறேன். நான் வக்கீல் இல்லை. ஆனால் ஒரு வங்கிக் கணக்கு என்ன பேசுகிறது என்பது எனக்குத் தெரியும். விசா மறுப்புகளில் பெரும் பகுதி அங்கேதான் முளைக்கிறது.

அந்தக் கேள்விக்கு நான் உடனே பதில் சொல்வதில்லை. "மறுப்புக் கடிதத்தை முழுசாப் படிச்சீங்களா?" என்று கேட்பேன். பல வீடுகளில் அந்தக் கடிதமே வந்து சேர்ந்திருக்காது. விண்ணப்பத்தில் ஏஜென்ட் தன்னுடைய மின்னஞ்சல் முகவரியைக் கொடுத்திருப்பார். கடிதம் அவரிடம் கிடக்கும். வீட்டுக்கு வாட்ஸாப்பில் "ரிஜெக்டட்" என்று ஒற்றைச் சொல் வந்திருக்கும். காரணம் தெரியாமல் அழுதுகொண்டிருப்பார்கள். மேல்முறையீட்டுக்கான கெடுவோ அந்தக் கடிதம் வந்த நாளிலிருந்தே ஓடிக்கொண்டிருக்கும். ஆகவே முதல் வேலை, கடிதத்தையும் ஏஜென்ட் தாக்கல் செய்த விண்ணப்பத்தின் முழுப் பிரதியையும் கேட்டு வாங்குவது. தர மறுக்கிற ஏஜென்டிடம் அடுத்த விண்ணப்பத்தை ஒப்படைக்கக் கூடாது.

பிழை யார் பக்கம்?

கடிதத்தைப் படிக்கும்போது ஒரே ஒரு விஷயத்தைத் தேடுங்கள். சரியான ஆவணத்தை நாம் கொடுத்தும் அதிகாரி கவனிக்காமல் விட்டாரா, அல்லது நாம் கொடுத்ததிலேயே குறை இருந்ததா? அதிகாரி தவறியிருந்தால் மேல்முறையீடு, மறுபரிசீலனை, நீதிமன்றம் என்று அந்தந்த நாடு வைத்திருக்கும் வழியில் போகலாம். குறை நம் பக்கம் என்றால் மேல்முறையீடு பெரும்பாலும் பணத்துக்கும் நேரத்துக்கும் கேடு. குறையைச் சரிசெய்து புதிதாக விண்ணப்பிப்பதே வழி. இந்த ஒரு பிரிவினை தெளிவாகிவிட்டால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

பிரிட்டனை வைத்து இதை விளக்கமாகச் சொல்கிறேன்.

பிரிட்டன் மாணவர் விசாவுக்கு முதல் வருடக் கல்விக் கட்டணத்தில் கட்டாமல் நிற்கும் தொகையையும், அதிகபட்சம் ஒன்பது மாத வாழ்க்கைச் செலவையும் காட்ட வேண்டும். மொத்தப் பணமும் தொடர்ந்து 28 நாள் கணக்கில் இருந்திருக்க வேண்டும். அந்த 28 நாள் முடிகிற தேதி, விண்ணப்பிக்கும் நாளுக்கு முந்தைய 31 நாளுக்குள் வர வேண்டும்.

லால்குடிப் பக்கம் ஒரு விவசாயக் குடும்பம். மகனுக்காக நிலத்தில் ஒரு பகுதியை விற்று வந்த பணம் அப்பாவின் சேமிப்புக் கணக்கில் இருந்தது. பணம் போதவில்லை என்று மறுப்பு வந்தது. "காசு பூரா கணக்குலதானம்மா இருக்கு, அவங்க பாக்கவே இல்ல" என்று கோபமாக வந்தார். நானும் அவரும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து, ஸ்டேட்மென்ட்டின் மீதித் தொகைப் பத்தியில் பென்சிலை வைத்து ஒவ்வொரு வரியாக இறங்கினோம். பாதி வழியில் டிராக்டர் கடன் தவணை தானாகக் கழிந்திருந்தது. அன்றைய மீதி, தேவையான தொகைக்குச் சில ஆயிரம் கீழே. மறுநாளே அவர் வேறு பணம் போட்டு நிரப்பியிருக்கிறார். "ஒரே ஒரு நாளுதானம்மா கொறஞ்சுது" என்றார். விதிக்கு ஒரு நாளும் ஒரு மாதமும் ஒன்றுதான். ஒரு நாள் குறைந்தாலும் 28 நாள் எண்ணிக்கை முதலிலிருந்து தொடங்கும்.

இங்கே அதிகாரி தவறவில்லை. மறுபரிசீலனை கேட்டிருந்தால் அதே பதில்தான் வந்திருக்கும். எந்தத் தவணையும் இணைக்காத தனிக் கணக்கில் பணத்தைப் போட்டு, நாள் நிறைந்த பிறகு ஜனவரி சேர்க்கைக்குப் புதிதாக விண்ணப்பிக்கச் சொன்னேன். அந்தப் பையன் இன்று அங்கே படிக்கிறான்.

மணப்பாறையிலிருந்து வந்த ஒரு பெண்ணின் கதை இதற்கு நேர்மாறு. பணம் பெற்றோர் கணக்கில் இருந்தால் பிறப்புச் சான்றிதழும், 'எங்கள் பணத்தை மகள் படிப்புக்குப் பயன்படுத்தச் சம்மதிக்கிறோம்' என்ற கடிதமும் வேண்டும். சம்மதக் கடிதம் இல்லை என்று அவளுடைய விசாவை மறுத்திருந்தார்கள். ஆனால் அவள் இணையத்தில் பதிவேற்றிய ஆவணங்களின் பட்டியலில் அந்தக் கடிதம் இருந்தது. பிழை அதிகாரியுடையது. பிரிட்டனில் மாணவர் விசா மறுப்புக்கு நிர்வாக மறுபரிசீலனை என்ற வழி உண்டு. வெளிநாட்டிலிருந்து விண்ணப்பித்தவர் 28 நாளுக்குள் இணையத்தில் கேட்க வேண்டும். கட்டணம் 80 பவுண்டு. முதல் கோப்பைப் பார்த்தவர் அல்லாத இன்னொருவர் அதைப் பார்ப்பார். இந்தப் பெண் இரண்டு பத்தி மட்டும் எழுதினாள். எந்த ஆவணம், எந்தப் பெயரில், எந்தத் தேதியில் பதிவேற்றப்பட்டது என்ற விவரம் தவிர அதில் வேறொன்றும் இல்லை. முடிவு மாறியது, 80 பவுண்டும் திரும்பி வந்தது.

இந்த வழியில் இரண்டு கட்டுப்பாடுகள் உண்டு. முதல் முறை கொடுக்க மறந்த காகிதத்தைப் பொதுவாக இங்கே சேர்க்க முடியாது. கையில் இருந்த கோப்பை அதிகாரி சரியாகப் பார்த்தாரா என்பதுதான் கேள்வி. மறுபரிசீலனை நிலுவையில் இருக்கும்போது புதிய விசா விண்ணப்பம் போட்டால் பழைய மனு ரத்தாகிவிடும். இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுத்துத்தான் ஆக வேண்டும். பல்கலைக்கழகம் சேர்க்கையை உறுதிசெய்து தரும் காஸ் எண்ணை ஒரு விண்ணப்பத்துக்கு மட்டுமே பயன்படுத்த முடியும் என்பதால், மறுப்பு வந்த அன்றே அவர்களுக்கு மின்னஞ்சல் எழுதிவிடுங்கள். விசாக் கட்டணம் போனது போனதுதான்; முன்கூட்டியே கட்டிய சுகாதாரக் கட்டணம் மட்டும் திரும்பக் கிடைக்கும்.

கனடா: நீதிமன்றம் பார்ப்பது என்ன?

கனடா படிப்பு அனுமதியை மறுத்தால் மேல்முறையீடு செய்யத் தனி அமைப்பு கிடையாது. குறையைச் சரிசெய்து மறுபடி விண்ணப்பிக்கலாம். இல்லையென்றால் அந்நாட்டுக் கூட்டாட்சி நீதிமன்றத்தில் நீதித்துறை மறுஆய்வு கேட்கலாம். கனடாவுக்கு வெளியே இருப்பவருக்கு மறுப்பு தெரிந்த நாளிலிருந்து 60 நாள் கெடு. உள்ளே எடுக்கப்பட்ட முடிவு என்றால் 15 நாள்தான். நீதிமன்றக் கட்டணம் 50 கனடா டாலர். பெரிய செலவு வக்கீலுக்குத்தான்.

அங்கே நீதிபதி, "இந்தப் பிள்ளைக்கு விசா கொடுக்கலாமா?" என்று பார்ப்பதில்லை. அதிகாரி எடுத்த முடிவு நியாயமானதா, அதற்கு அவர் எழுதிய காரணம் கோப்பில் உள்ள ஆதாரத்தோடு பொருந்துகிறதா என்று பார்க்கிறார். இந்த அளவுகோலை கனடா உச்ச நீதிமன்றம் 2019-இல் வவிலோவ் வழக்கில் தெளிவாக வகுத்தது. கோப்பில் உள்ள ஆதாரத்தைத் தொடாமல், எல்லாருக்கும் பொருந்தும் பொதுவான வரிகளை மட்டும் எழுதி மறுத்த முடிவுகளைக் கூட்டாட்சி நீதிமன்றம் பலமுறை ரத்து செய்திருக்கிறது. ஆனால் வழக்கில் ஜெயித்தாலும் கைக்கு விசா வராது. கோப்பு இன்னோர் அதிகாரியிடம் போகும். அவர் புதிதாக முடிவெடுப்பார். இதைச் சொல்லாமல் வழக்குப் போடச் சொல்கிறவர்களிடம் எச்சரிக்கையாக இருங்கள்.

2024 அக்டோபரில் படிப்பு அனுமதி வழக்குகளுக்கென்று ஒரு விரைவு நடைமுறையை அந்த நீதிமன்றம் தொடங்கியது. சிக்கலில்லாத வழக்குகளை ஐந்து மாத அளவில் முடிப்பது அதன் நோக்கம். 2025 ஜூலை இறுதியிலிருந்து பல மறுப்புக் கடிதங்களோடு அதிகாரியின் குறிப்புகளும் இணைந்து வருகின்றன. முன்பு அவற்றைத் தனியாக மனுச் செய்து வாங்கிக் காத்திருக்க வேண்டும். குறிப்பு வந்திருந்தால் கடிதத்தைவிட அதைக் கவனமாகப் படியுங்கள். 'உங்கள் பயண நோக்கம் பொருந்தவில்லை' என்று கடிதம் பொதுவாகச் சொல்லும். அதிகாரியின் மனதில் எது உறுத்தியது என்பது குறிப்பில்தான் தெரியும்: படிப்பில் விழுந்த இடைவெளி, முந்தைய பட்டத்தோடு ஒட்டாத பாடம், அல்லது திடீரென்று கணக்கில் ஏறிய தொகை.

கனடா கேட்கும் தொகையும் மாறிவிட்டது. தனியாகப் போகும் மாணவர் கல்விக் கட்டணம் நீங்கலாக 10,000 டாலர் காட்டினால் போதும் என்பது பழைய கதை. 2024 ஜனவரியில் அது 20,635 ஆனது; 2025 செப்டம்பரிலிருந்து 22,895. அண்ணன் போன வருடத்துக் கணக்கை வைத்துத் தம்பிக்கு விண்ணப்பித்து மறுப்பு வாங்கிய வீடுகளை எனக்குத் தெரியும்.

அமெரிக்கா: மேல்முறையீடு இல்லை

சென்னை ஜெமினி மேம்பாலத்துக்குப் பக்கத்தில் உள்ள அமெரிக்கத் துணைத் தூதரகத்தில் சில நிமிட நேர்காணலில் முடிவு சொல்லிவிடுகிறார்கள். எஃப்-1 மாணவர் விசா மறுப்பில் அதிகம் அடிபடும் பெயர் 214(பி). அமெரிக்கக் குடியேற்றச் சட்டத்தின் இந்தப் பிரிவு, வருகிறவர் அங்கேயே தங்கிவிட நினைப்பவர் என்றே தொடங்கி, அப்படி இல்லை என்று நிறுவும் பொறுப்பை விண்ணப்பதாரரிடம் வைக்கிறது. இதற்கு மேல்முறையீடு கிடையாது. "அமெரிக்காவுக்கு அப்பீல் போட்டுத் தருகிறேன்" என்று யாராவது பணம் கேட்டால் எழுந்து வந்துவிடுங்கள்.

மறுபடி விண்ணப்பிக்கத் தடையில்லை. புதிய டிஎஸ்-160 படிவமும், விசாக் கட்டணமும், இன்னொரு நேர்காணலும் தேவைப்படும். மாணவர் பதிவுக்காகக் கட்டும் 350 டாலர் செவிஸ் கட்டணத்தை மட்டும், அதே வகை விசாவுக்கு 12 மாதத்துக்குள் விண்ணப்பித்தால், மறுபடி கட்ட வேண்டாம். ஆனால் முதல் முறைக்கும் இரண்டாம் முறைக்கும் இடையில் ஏதாவது மாறியிருக்க வேண்டும். அதே காகிதம், அதே மனப்பாடப் பதில் என்றால் அதே முடிவுதான் வரும். நேர்காணலில் தரும் தாளில் 221(ஜி) என்று இருந்தால் பதற வேண்டாம். இன்னும் ஆவணம் தேவை அல்லது கூடுதல் சரிபார்ப்பு நடக்கிறது என்று அதற்குப் பொருள். கேட்டதைக் கொடுத்துவிட்டுக் காத்திருங்கள்.

மற்ற நாடுகள்

ஜெர்மனிக்கு முன்பெல்லாம் மறுப்பு வந்தால் தூதரகத்துக்கே கட்டணமில்லாமல் மறுபரிசீலனை மனு எழுதலாம். 'ரெமான்ஸ்ட்ரேஷன்' என்ற அந்த வழி 2025 ஜூலை 1 முதல் உலகம் முழுவதும் நிறுத்தப்பட்டுவிட்டது. இப்போது புதிய விண்ணப்பம், அல்லது பெர்லின் நிர்வாக நீதிமன்றத்தில் வழக்கு. வழக்குக்கான கெடு மறுப்புக் கடிதத்தின் கடைசிப் பகுதியிலேயே இருக்கும். பொதுவாக ஒரு மாதம்.

ஆஸ்திரேலியாவில் விசா முடிவுகளை ஆராய நிர்வாக மறுஆய்வுத் தீர்ப்பாயம் இருக்கிறது. 2024 அக்டோபரில் பழைய தீர்ப்பாயத்துக்குப் பதிலாக வந்தது. ஆனால் இங்கிருந்து விண்ணப்பித்து மறுக்கப்படும் மாணவருக்கு அந்தக் கதவு பொதுவாகத் திறக்காது. அந்நாட்டுக்குள் இருந்து விண்ணப்பித்தவருக்குத்தான். விசாக் கட்டணம் 2025 ஜூலையிலிருந்து 2,000 ஆஸ்திரேலிய டாலர், மறுத்தாலும் திரும்பாது. எனவே முதல் விண்ணப்பத்திலேயே முழுக் கவனம் வேண்டும்.

அயர்லாந்து கொஞ்சம் இளகிய நாடு. மறுப்புக் கடிதத் தேதியிலிருந்து இரண்டு மாதத்துக்குள் எழுத்து மூலம் மேல்முறையீடு செய்யலாம். கட்டணம் இல்லை. விடுபட்ட ஆவணங்களையும் சேர்க்கலாம். ஒரு விண்ணப்பத்துக்கு ஒரு மேல்முறையீடுதான் என்பதால், ஒவ்வொரு காரணத்துக்கும் தனித்தனியாகப் பதில் எழுதி அனுப்புங்கள்.

இனிஷியலும் தலைப்பெழுத்தும்

தமிழ்க் குடும்பங்களுக்கென்றே உள்ள ஒரு சிக்கலைச் சொல்லியாக வேண்டும். எடுத்துக்காட்டாக, ஒரு பையனின் மதிப்பெண் பட்டியலில் 'எம். கார்த்திகேயன்' என்று இருக்கும். பாஸ்போர்ட்டில் இனிஷியலை விரித்து 'கார்த்திகேயன் முருகேசன்'. வங்கிக் கணக்கில் 'கார்த்திகேயன் எம்'. அப்பாவின் பெயர் பிறப்புச் சான்றிதழில் 'முருகேசன்', பாஸ்புக்கில் 'பி. முருகேசன்', பத்திரத்தில் 'பெ. முருகேசன்'. நமக்கு இதெல்லாம் ஒரே ஆள். இங்கிலாந்தின் ஷெஃபீல்டில் உட்கார்ந்து கோப்பைப் பார்ப்பவருக்கு, பணம் வைத்திருப்பவர்தான் இவனுடைய அப்பா என்பது எப்படித் தெரியும்?

நோட்டரி முன் ஓர் உறுதிமொழிப் பத்திரம் எழுதி, எந்தெந்த ஆவணத்தில் பெயர் எப்படி இருக்கிறது என்று வரிசையாகக் குறிப்பிட்டு, எல்லாம் ஒருவரையே குறிக்கும் என்று சொல்லி இணைத்துவிடுங்கள். செலவு சில நூறு ரூபாய்தான்.

பணத்துக்கும் இதேபோல் கதை சொல்லும் காகிதம் வேண்டும். நம் ஊரில் படிப்புக்குப் பணம் மாதச் சம்பளமாக மட்டும் வருவதில்லை. சீட்டு எடுத்த பணம், நகைக் கடன், நிலம் விற்றது, தாய்மாமன் கொடுத்தது என்று பல வாய்க்காலில் வந்து சேரும். அத்தனையும் நேர்மையான பணம். ஆனால் ஸ்டேட்மென்ட்டில் அது திடீரென்று ஏறிய பெரிய தொகை. கிரயப் பத்திரம், நகைக் கடன் ரசீது, மாமாவின் கடிதமும் அவருடைய வங்கிக் கணக்கும் என ஒவ்வொரு பெரிய வரவுக்கும் ஒரு தாள் பின்னால் நிற்க வேண்டும்.

பொய் மட்டும் வேண்டாம்

ஒரு மாதத்துக்கு வட்டிக்குப் பணம் போட்டுக் கணக்கை நிரப்பித் தரும் தரகர்கள் இருக்கிறார்கள். போலி ஸ்டேட்மென்ட் அடித்துத் தருபவர்களும் உண்டு. நான் வேலையில் இருந்தபோது, ஒரு கணக்கின் ஸ்டேட்மென்ட் உண்மைதானா என்று சரிபார்க்கக் கேட்டு வங்கிக்குக் கடிதங்கள் வந்ததுண்டு. இருப்பதை இருக்கிறபடிதான் பதில் எழுத முடியும். போலி என்று தெரிந்தால் அது சாதாரண மறுப்போடு நிற்காது. கனடாவில் தவறான தகவல் தந்தவருக்கு ஐந்து வருடம் தடை. பிரிட்டனில் ஏமாற்று வேலை என்று முடிவானால் பத்து வருடம் வரை விண்ணப்பங்கள் மறுக்கப்படலாம். அமெரிக்காவில் அந்தக் கறை ஆயுள் முழுக்க நிற்கும். கையெழுத்து ஏஜென்ட் போட்டதாக இருந்தாலும் தண்டனை அனுபவிப்பது இருபத்திரண்டு வயதுப் பிள்ளை.

இதே காரணத்துக்காக, பழைய மறுப்பை அடுத்த விண்ணப்பத்தில் மறைக்காதீர்கள். வேறு நாட்டு விண்ணப்பமாக இருந்தாலும், 'முன்பு எந்த நாடாவது விசா மறுத்ததா?' என்ற கேள்வி வந்தால், 'ஆம்' என்று எழுதி, காரணத்தையும் அதற்குப் பிறகு சரிசெய்ததையும் நான்கு வரியில் சொல்லிவிடுங்கள். ஒரு மறுப்பைச் சொன்னதற்காகக் கதவு மூடாது. மறைத்தது தெரிந்தால் மூடும்.

பெற்றோருக்கு ஒரு வார்த்தை

மறுப்பு வந்த வீட்டில் பணத்தைவிட அதிகம் அடிபடுவது பிள்ளையின் மனம். "இவ்வளவு செலவு பண்ணியும் இப்படி ஆயிடுச்சே" என்று சொந்தக்காரர்கள் முன்னால் சொல்லாதீர்கள். ஒரு மாணவரின் படிப்பையும் குணத்தையும் எடைபோட்டு வருவதில்லை இந்த முடிவு. ஒரு நாளில் ஒருவர் ஒரு கோப்பைப் பார்த்து எழுதியது. அந்தக் கோப்பைத் திருத்த முடியும். நோக்கக் கடிதத்தை ஏஜென்ட் எழுதித் தராமல், ஏன் இந்தப் படிப்பு, படித்து முடித்து என்ன செய்யப் போகிறேன் என்பதைப் பிள்ளையே தன் வார்த்தையில் எழுதட்டும். ஒரு பருவம் தள்ளிப்போனால் வாழ்க்கை தள்ளிப்போகாது. பல பல்கலைக்கழகங்கள் முறையாகக் கேட்டால் சேர்க்கையை அடுத்த பருவத்துக்கு மாற்றித் தருகின்றன. கல்விக் கடன் வாங்கியிருந்தால் வங்கிக்கும் உடனே எழுதிக் கொடுங்கள். பணம் விடுவிக்கப்படாத கடனுக்கு வட்டி ஓடாது.

விசா விதிகளும் கட்டணங்களும் அடிக்கடி மாறுகின்றன. இந்தக் கட்டுரையில் உள்ள தொகைகளையும் நாள் கணக்குகளையும் விண்ணப்பிக்கும் வாரத்தில் அந்தந்த நாட்டு அரசின் இணையதளத்தில் சரிபார்த்துக்கொள்ளுங்கள். வழக்குவரை போக வேண்டியிருந்தால், அந்த நாட்டில் உரிமம் பெற்ற வக்கீலிடம் மட்டும் பேசுங்கள். எதுவானாலும், மறுப்பு வந்த முதல் வாரத்துக்குள் கடிதத்தை வாங்கிப் படித்து, பிழை யார் பக்கம் என்று கண்டுபிடித்து, கெடு தேதியை வீட்டு நாள்காட்டியில் எழுதிவிடுங்கள். அதன் பிறகு அப்பீலா, புது விண்ணப்பமா என்ற முடிவை நீங்களே எடுக்கலாம்.